கந்தோர்க் கணனியும் சொந்தக் கடிதமும்

கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் என்னும் கலீபாவைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. மாகாணம் ஒன்றிலிருந்து வந்த தூதன் ஒருவனோடு அவர் இரவு நேரத்திலே அரசாங்க அலுவல் பேசிக்கொண்டிருந்தாராம். விளைச்சல் எப்படி, விலைவாசி எப்படி, குடிகள் நலமா என்றெல்லாம் அவர் வினவி முடிந்தபின், தூதன் கலீபாவின் உடல்நலத்தையும் வீட்டாரின் சுகத்தையும் விசாரித்தான். உடனே அவர் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு, வேறொரு சிறு விளக்கை ஏற்றச் செய்தாராம். முதல் விளக்கில் எரிந்தது பொதுப்பணத்தில் வாங்கிய எண்ணெய். இரண்டாவது விளக்கில் எரிந்தது தம் சொந்த எண்ணெய் என்பது அவர் தந்த விளக்கம். நம்மவரிடையே இதே கதை சாணக்கியர் பெயரிலும் சொல்லப்படுவதுண்டு. எவர் பெயரில் வழங்கினும் கருத்து ஒன்றே. பொதுப்பொருளைத் தன்பொருளாகப் பாவித்தல் தகாது.

இன்று கந்தோர் மேசையிலே விளக்குக்குப் பதிலாகக் கணனி இருக்கின்றது. அதிலே அலுவலகக் கடிதமும் வருகின்றது; தங்கையின் திருமணச் செய்தியும் வருகின்றது. எழுதுவினைஞர் ஒருவர் கந்தோர்க் கணனியில் இரண்டு வரி சொந்தக் கடிதம் எழுதுவது குற்றமா? குற்றமெனின், அதைக் கண்டுபிடிப்பதற்காக மேலதிகாரி அந்தக் கடிதத்தை வாசிப்பது முறையா? புத்தம் புதியனபோலத் தோன்றும் இவ்வினாக்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இணையத்தின் மூதாதை என்று சொல்லத்தக்க 'ஆர்ப்பாநெற்' என்னும் கணனி வலை 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே முதன் முதல் இயங்கியது. பாதுகாப்புத் திணைக்களம் அதற்குப் பணம் கொடுத்தது. அக்காலத்தில் கணனி ஒன்றின் விலை மிகப் பெரிது. ஆகையால் ஓரிடத்திலுள்ள கணனியை வேறிடத்து ஆராய்ச்சியாளரும் பயன்படுத்தவேண்டும் என்பதே அதன் நோக்கம். மனிதரோடு மனிதர் பேசுவதற்காக அது அமைக்கப்படவில்லை.

ஆயினும் 1971ஆம் ஆண்டிலே றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனியில் உள்ளவருக்குக் கடிதம் அனுப்பும் வழியை ஆக்கினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே இன்று நாம் 'அட்' என்று வாசிக்கும் குறியை இட்டவர் அவரே. அதைச் செய்யும்படி அவருக்கு எவரும் கட்டளையிடவில்லை. கொடுத்த வேலைக்குப் புறம்பாகத் தாமாகச் செய்து பார்த்த காரியம் அது. கந்தோர்க் கணனியைக் குறித்த வேலைக்கு மட்டுமே பாவித்தல் வேண்டும் என்று அன்று ஒருவர் கண்டிப்பாக நின்றிருந்தால், மின்னஞ்சலின் பிறப்பு இன்னும் தாமதப்பட்டிருக்கலாம். இரண்டே ஆண்டுகளில், அதாவது 1973இல், அவ்வலையிலே ஓடிய போக்குவரத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு மின்னஞ்சலே என்று கணக்கிடப்பட்டது. பொறிகளை இணைப்பதற்கு இட்ட கம்பியை மனிதர் தம் பேச்சுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. 1973 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரையடுத்த சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மகாநாடு நடந்தது. அதில் கலந்துகொண்ட லென்னாட் கிளைன்றொக் என்னும் பேராசிரியர், மகாநாடு முற்றாக முடியுமுன்னரே லொஸ் ஏஞ்சலிஸ் திரும்பினார். வீடு வந்து பெட்டியைத் திறந்தபோது தமது மின்சவரக் கருவியை விடுதியிலே மறந்துவிட்டதைக் கண்டார். அங்கே அப்பொழுது அதிகாலை மூன்று மணி. தம் நண்பர் லறி றொபேட்ஸ் அந்நேரத்தில் கணனியின் முன் விழித்திருக்கக்கூடும் என்று ஊகித்து, வலை வழியாக அவரைத் தேடிப் பிடித்துச் செய்தி சொன்னார். மறுநாள் வேறொரு நண்பர் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். அரசாங்க அலுவலுக்கென அமைந்த வலையைச் சவரக் கருவிக்காகப் பாவித்தது, விதியை எழுத்துக்கு எழுத்து நோக்கினால் குற்றமே. ஆயின் அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பின்னர் அப்பேராசிரியரே அதனை முறுவலோடு பலமுறை எடுத்துச் சொன்னார்.

1978ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்தது வேறுவகை. டிஜிட்டல் எக்குயிப்மென்ற் என்னும் கணனிக் கம்பனியின் விற்பனை அலுவலர் ஒருவர், தமது கம்பனியின் புதிய கணனிகளைக் காண வருமாறு ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். வலையை மேற்பார்வை செய்த அதிகாரிகள் சீறினார்கள். அரசாங்க அலுவலுக்கு மட்டுமே உரிய வலையில் வியாபாரம் செய்தது பகிரங்க விதிமீறல் என்று கண்டித்தார்கள். சவரக் கருவியும் விதிக்குப் புறம்பு, விளம்பரமும் விதிக்குப் புறம்பு. ஒன்று சிரிப்பை விளைத்தது. மற்றது சீற்றத்தை விளைத்தது. காரணம் என்ன? முன்னது ஒருவருடைய சில நிமிடங்களை எடுத்தது. பின்னது கேளாத 400 பேரின் நேரத்தையும் இடத்தையும் தன் இலாபத்துக்காக எடுத்தது.

இந்த வேறுபாடு விரைவிலே எழுத்திலும் ஏறிற்று. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்று 1982இல் புதியவர்களுக்கு வழங்கிய கைந்நூல், வலையை அரசாங்க அலுவல் தவிர்ந்த எதற்கும் பாவித்தல் சட்டவிரோதம் என்று எச்சரித்தது. அதே மூச்சில், நண்பருக்கு நலம் விசாரித்து எழுதுவது தீங்கெனக் கருதப்படுவதில்லை என்றும், வியாபார இலாபத்துக்காகவோ அரசியல் நோக்கத்துக்காகவோ எழுதுவதே பெருங்குற்றம் என்றும் தெளிவுபடுத்தியது.

பின்னர் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் வலை முதன்மை பெற்றது. அதனை ஆண்ட விதிகளுக்கு 'ஏற்புடைய பயன்பாட்டுக் கொள்கை' என்று பெயரிட்டார்கள். உலகெங்கும் கந்தோர்களில் உத்தியோகத்தர் கையொப்பமிடும் பத்திரங்களின் பெயர் இதே மரபில் வந்ததே. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விதிகளில் விலக்கப்பட்டவற்றுள் ஒன்று, சொந்தக் காரியங்களுக்கு 'மிகுதியாக'ப் பயன்படுத்துதல். 'மிகுதியாக' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். சொந்தப் பயன்பாடு அடியோடு கூடாது என்று அவர்கள் எழுதவில்லை. அளவு கடத்தலே கூடாது என்றார்கள். 1995 ஏப்பிரலில் அவ்வலையின் பணி முடிந்து, இணையம் முழுவதும் வர்த்தகர் கைக்கு மாறியது. அதே ஆண்டளவில் நம் இலங்கையிலும் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது.

இனி, கந்தோரை நடத்துவோர் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். அவர்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி, 'உன்னைக் காதலிக்கிறேன்' என்னும் தலைப்போடு ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. இணைப்பாக வந்த காதற் கடிதத்தைத் திறந்தவரின் கணனியிலே கோவைகள் அழிந்தன; அவருடைய முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அதே கடிதம் தானாகச் சென்றது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபையே தன் மின்னஞ்சலை நிறுத்தி வைக்க நேர்ந்தது. அது பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து புறப்பட்டதென்று கண்டறியப்பட்டது. ஆனால் அத்தகைய செயலைத் தண்டிக்கும் சட்டம் அன்று அங்கே இல்லாமையால் வழக்குக் கைவிடப்பட்டது. நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் அத்தகைய இடைவெளியை அடைத்தது.

மற்றொரு காரணமும் உண்டு. கந்தோர்க் கடிதம் சில வேளைகளில் நாட்டின் சாட்சியாகும். 1986ஆம் ஆண்டு நவம்பரிலே, ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெளிப்பட்டபோது, அமெரிக்க ஜனாதிபதி மாளிகை உத்தியோகத்தரான ஒலிவர் நோர்த்தும் அவருடைய மேலதிகாரி ஜோன் பொயின்டெக்ஸ்ரரும் தம் கணனியிலிருந்த செய்திகளை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். அழிந்துவிட்டன என்று அவர்கள் எண்ணினார்கள். ஆயின் சேமிப்பு நாடாக்களிலே அவற்றின் பிரதிகள் இருந்தன. விசாரணையாளர் அவற்றை வாசித்தனர். ஆகவே அலுவலகக் கடிதங்களைப் பேணுதலும், வேண்டியபோது எடுத்துப் பார்த்தலும் எப்பொழுதும் கொடுமையென்று சொல்லிவிட முடியாது.

அப்படியாயின் எல்லை எங்கே? இதற்கு விடை காணப் பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு மூன்று வழக்குகள் சென்றன.

முதலாவது, தொலைபேசி வழக்கு. அலிசன் ஹல்போட் என்பவர் இங்கிலாந்தின் மேர்சிசைட் பொலிஸ் படையில் உதவித் தலைமை அதிகாரி. அந்நாட்டுப் பொலிஸ் சேவையில் அன்று அத்துணை உயர்ந்த பதவியில் இருந்த பெண் வேறெவருமிலர். பெண் என்பதாற் பதவி உயர்வு மறுக்கப்பட்டதென்று அவர் 1990இல் முறையிட்டார். அம்முறைப்பாட்டுக்கு எதிராகப் பயன்படுத்துவதற்கென்றே தமது கந்தோர்த் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது என்பது அவர் வழக்கு. தொலைபேசி அரசாங்கத்தினது, ஆகவே அதைக் கேட்கும் உரிமையும் எமதே என்று அரசாங்கம் வாதித்தது. 1997 யூன் மாதம் நீதிமன்றம் அதை நிராகரித்தது. கேட்கப்படும் என்று அவரை எச்சரிக்காதபோது, தம் பேச்சு அந்தரங்கமானது என்று அவர் நம்பியது நியாயமே என்பது தீர்ப்பு.

இரண்டாவது வழக்கு வேல்ஸ் நாட்டுக் கல்லூரி ஒன்றில் அதிபரின் உதவியாளராயிருந்த ஒரு மாதைப் பற்றியது. அவருடைய தொலைபேசி, மின்னஞ்சல், இணையப் பாவனை ஆகிய மூன்றும் கண்காணிக்கப்பட்டன. எவருக்கு எழுதினார், எப்பொழுது, எவ்வளவு நேரம் என்பவற்றையே பார்த்தோம், பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்லப்பட்டது. 2007 ஏப்பிரல் 3ஆந் திகதி வந்த தீர்ப்பு அதையும் ஏற்கவில்லை. கடிதத்தின் உள்ளீடு மாத்திரமன்று, உறையின் மேலுள்ள விவரமும் ஒருவருடைய அந்தரங்கத்தைச் சேர்ந்ததே என்பதாயிற்று.

மூன்றாவது ருமேனியா நாட்டு வழக்கு. ஒரு தனியார் கம்பனியின் பொறியியலாளர், வாடிக்கையாளருக்கு மறுமொழி கொடுப்பதற்காக, கம்பனி கேட்டபடி யாகூ செய்திக் கணக்கொன்றைத் தொடங்கினார். சொந்தப் பாவனை கூடாது என்பது கம்பனியின் விதி. அது அவருக்குத் தெரியும். 2007 யூலையில் எட்டொன்பது நாள் அவருடைய செய்திகள் பதிவு செய்யப்பட்டன. சொந்த விடயம் எதுவும் எழுதவில்லை என்று அவர் சொன்னபோது, 45 பக்கங்களை அவர் முன் வைத்தார்கள். உடன்பிறந்தானோடும் மணம் பேசியிருந்த பெண்ணோடும் அவர் பேசிய அந்தரங்கம் அத்தனையும் அதிலிருந்தது. வேலை பறிபோயிற்று.

ருமேனிய நீதிமன்றங்களில் அவர் தோற்றார். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் 2016 ஜனவரியில் முதலிலே தோற்றார். ஆனால் அந்நீதிமன்றத்தின் பேராயம் 2017 செப்டெம்பர் 5ஆந் திகதி, 11 நீதியரசர் ஒரு பக்கமும் 6 நீதியரசர் மறுபக்கமுமாக, அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விதி இருந்தது உண்மை; விதியை அவர் மீறியதும் உண்மை. ஆயின் 'பாவிக்காதே' என்று சொல்வது வேறு. 'நீ எழுதுவதை நாம் வாசிப்போம்' என்று முன்னரே அறிவிப்பது வேறு. அவ்வறிவித்தல் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு தூரம் வாசிக்கப்பட்டது, அதற்குத் தக்க காரணம் இருந்ததா, அதனினும் மென்மையான வழி இல்லையா என்ற கேள்விகளைக் கீழ் நீதிமன்றங்கள் சரிவரக் கேட்கவில்லை என்று பேராயம் கண்டது. வேலைத்தலத்திலே மனிதனின் தனிவாழ்வை எந்த முதலாளியும் ஒன்றுமில்லாததாக ஆக்கிவிட இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்திலே நிலைமை தலைகீழாயிற்று. கந்தோர் வீட்டுக்குள் வந்தது. உத்தியோகத்தர் தம் வீட்டு மின்சாரத்தில், தம் வீட்டு மேசையில், பல வேளை தம் சொந்தக் கணனியிலேயே முதலாளியின் வேலையைச் செய்தனர். அன்று அணைத்து ஏற்ற வேண்டியிருந்தது எவருடைய விளக்கு? வேலை நேரம் கடந்தபின் கந்தோர்க் கடிதங்களிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் தேசம் 2017 ஜனவரி முதலாந் திகதியிலேயே சட்டத்தில் ஏற்றியிருந்தது. கந்தோர்ப் பொருளைத் தன் காரியத்துக்கு மிகுதியாக எடுப்பது தவறெனின், உத்தியோகத்தனின் இரவை மிகுதியாக எடுப்பதும் தவறே.

தொடக்கத்தில் சொன்ன கதைக்குத் திரும்புவோம். கலீபாவின் விளக்கு வெளிச்சம் கொடுத்தது, அவ்வளவே. எவர் என்ன பேசினார் என்று அது குறித்து வைக்கவில்லை. இன்றைய விளக்கு வெளிச்சமும் கொடுக்கின்றது, நாம் எழுதியதை வாசித்தும் வைத்திருக்கின்றது. ஆகவே இன்று கடமை இரு பக்கத்தது. விளக்கின் கீழ் இருப்பவர், எண்ணெய் பிறருடையது என்பதை மறத்தலாகாது. விளக்குக்கு உடையவர், அதன் கீழ் இருப்பவரும் தமது உடைமை என்று எண்ணலாகாது. கந்தோரிலே உங்கள் முன் ஒரு பத்திரத்தை வைத்துக் கையொப்பம் கேட்பார்களாயின், எதைச் செய்யக்கூடாது என்ற பகுதியோடு நின்றுவிடாதீர்கள். எதைப் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்கின்றதா என்றும் தேடுங்கள். அது இல்லையெனின், கையொப்பம் இடுமுன் பணிவோடு கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எளிதிற் கிடைத்ததன்று.