மரப் படகின் மூச்சு

ஊட்டி ஏரிக்கரையில் நின்று, "ஆஹா! இயற்கையின் அழகே அழகு!" என்று பரவசப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றே சிரிப்பு வரும். ஏனென்றால், அந்த ஏரி இயற்கை செய்ததல்ல. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் ஸல்லிவன் துரை செய்தது. 1823-க்கும் 1825-க்கும் இடையில் மலை ஓடைகளை மறித்து அவர் அணை போட்டார். அந்த அணை மூன்று தடவை உடைத்துக்கொண்டு ஏரியை வெறுமையாக்கியது. ஒரு காலத்தில் அக்கரைக்குப் போகிறவர்கள் ஓடத்தில் ஏறித்தான் போனார்களாம். பின்னர் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம், குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொஞ்சம் என்று தானம் செய்து ஏரி மெலிந்தது. 1973-ல் சுற்றுலாத் துறை ஏற்றுக்கொண்டு, படகு சவாரிக்கு ஏற்பாடு செய்தது. இன்று ஊட்டிக்குப் போய்ப் படகில் ஏறாமல் திரும்பினால் வீட்டில் குழந்தைகள் மன்னிப்பதில்லை.

ஏரியின் கதை இருக்கட்டும். இந்த ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், மூடுபனியிலும் சாரலிலும், ஒரு மரப் படகு எப்படி உயிர் வாழ்கிறது என்பதே என் விஷயம். மரப் படகுக்குச் சத்துரு யார் என்று கேட்டால், "தண்ணீர்தான், வேறு யார்?" என்று எவரும் சொல்லிவிடுவார்கள். கப்பல்களின் சரித்திரத்தைப் புரட்டினால் வேறு பதில் கிடைக்கிறது. வெளியே அலையடிக்கும் தண்ணீரைவிட, உள்ளே அசையாமல் கிடக்கும் காற்றே அதிகக் கப்பல்களைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

படகில் நாம் கால் வைத்து நிற்கும் பலகைக்குக் கீழே ஓர் இருட்டறை உண்டு. அதைப் படகின் அடிவயிறு என்று சொல்லலாம். விலாச்சட்டங்களும் அடிமரமும் சந்திக்கும் இடம் அது. மேலே விழும் மழைத்துளி, பலகைச் சந்தில் கசியும் நீர், இயந்திரத்திலிருந்து சொட்டும் எண்ணெய் எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அங்கே காற்று நடமாடினால் ஈரம் உலர்ந்துவிடும். நடமாடாவிட்டால் மரம் ஈரத்தைக் குடிக்கும். மரத்தின் எடையில் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அது மரத்தின் சத்தைத் தின்று, கடைசியில் விரலால் கிள்ளினால் உதிரும் பிஸ்கோத்துப் போல் ஆக்கிவிடுகிறது. இந்த வியாதிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'உலர் அழுகல்'. ஈரத்தால் வரும் வியாதிக்கு என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உப்புக் கடலில் ஓடும் படகைக் காட்டிலும் நல்ல தண்ணீரில் மிதக்கும் படகு சீக்கிரம் அழுகும். உப்பு பூஞ்சைக்கு ஆகாது. அந்த நாளில் கப்பல் கட்டியவர்கள் விலாச்சட்டங்களின் இடைவெளியில் வேண்டுமென்றே உப்பைக் கொட்டி வைத்ததும் உண்டு. ஆகவே தூத்துக்குடித் தோணிக்கு இல்லாத ஆபத்து, தெளிந்த மலை நீரில் மிதக்கும் ஊட்டிப் படகுக்கு உண்டு.

பெரிய ராஜ்யங்களே இந்தச் சின்னப் பூஞ்சையிடம் தோற்றிருக்கின்றன. 1810-ல் இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்டில் 'குவீன் சார்லெட்' என்ற போர்க்கப்பலை வெள்ளோட்டம் விட்டார்கள். நூறு பீரங்கிகளுக்குமேல் தாங்கும் கப்பல். நெப்போலியனோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அடுத்த ஆண்டே பரிசோதித்துப் பார்த்தால், ஒரு பீரங்கிக் குண்டும் படாத கப்பல் உள்ளுக்குள் அழுகிக் கிடந்தது. அவசரத்தில் சரியாக உலராத மரத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே காற்றோட்டமும் இல்லை. அதில் முளைத்திருந்த காளான்களைப் பார்த்துச் சொல்ல ஜேம்ஸ் ஸவர்பி என்ற தாவர ஓவியரை அழைத்தார்கள். போர்க்கப்பலைப் பார்வையிடத் தளபதி வரவேண்டியது போய், காளான் நிபுணர் வந்தார்!

இத்தனைக்கும் அதற்கு எழுபது வருஷங்களுக்கு முன்பே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், கப்பலின் அடித்தட்டில் தேங்கும் கெட்ட காற்றை வெளியேற்றப் பெரிய துருத்தி போன்ற கருவி ஒன்றைச் செய்து, 1741-ல் ராயல் சொஸைட்டியில் விவரித்திருந்தார். சிறைச்சாலைகளிலும் தானியக் களஞ்சியங்களிலும்கூட அது பயன்பட்டது. மனிதரின் சுவாசத்துக்காக அவர் யோசித்த யோசனை மரத்துக்கும் மருந்துதான். ஆனால் யுத்த அவசரத்தில் மரத்தின் சுவாசத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் நாட்டில் பிறந்தது. 1817-ல் பம்பாய்த் துறைமுகத்தில், பார்ஸி வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி மலபார்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல் கட்டினார். அதன் பெயர் 'டிரின்கோமலி', அதாவது நம் திரிகோணமலை! 1819-ல் இங்கிலாந்து சேர்ந்த அந்தக் கப்பல் கால் நூற்றாண்டு வேலையின்றிச் சும்மா நின்றது, அப்போதும் சாகவில்லை. இருநூறு வயதைக் கடந்து இன்றும் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய் பூஞ்சையை அண்டவிடுவதில்லை. அந்தத் தேக்குக்காக மலபார்க் காடுகளை வெட்டித் தீர்த்த பிறகு, கலெக்டர் கானலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோப்புப் போட்டார். நீலகிரியின் மேற்குச் சரிவில் இறங்கினால் வரும் ஊர்தான் நிலம்பூர்.

எல்லாப் படகும் தேக்கால் ஆனதல்ல. அதிலும் மோட்டார் வந்த பிறகு, படகின் அடிவயிற்றுக்கு இரண்டாவது ஆபத்து ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பெயர் பெட்ரோல்.

பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. காரில் கசிந்தால் அது தரையில் இறங்கி எங்கேயாவது போய்விடும். படகுக்கு அடியில் ஓட்டை கிடையாது. இருந்தால் அது படகும் அல்ல. ஆகவே ஆவி குடத்து நீர் போல் அடிவயிற்றில் நிரம்பி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும். ஸ்விட்சில் தெறிக்கும் ஒரு பொறியில் எல்லாம் முடிந்துவிடும். ஊட்டிக் குளிரில் பெட்ரோல் என்ன செய்யும் என்று அலட்சியம் செய்யவும் வழியில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவி விடும்.

இதனால்தான் அமெரிக்காவில் 1940 ஏப்ரலில் சட்டமே செய்தார்கள். மூடிய தளமுள்ள பெட்ரோல் படகுகளில் இயந்திர அறைக்கும் எண்ணெய்த் தொட்டி அறைக்கும் அடிவயிற்றுக் காற்றோட்டம் கட்டாயம். வாய் அகன்ற குழல்கள் குறைந்தது இரண்டு வேண்டும். நாகஸ்வரத்தின் அணசு போன்ற வாய் கொண்ட அந்தக் குழல்களில் ஒன்று முன்பக்கம் பார்த்துக் காற்றை வாங்கும். இன்னொன்று பின்பக்கம் பார்த்து வெளியே விடும். வெளிவிடும் குழலின் அடிமுனை படகின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். கனமான ஆவி மேலே தானாக வராது. கிணற்றில் வாளியை இறக்குவது போல் குழாயை இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் இப்படிப்பட்ட பழைய மோட்டார் படகு ஒன்றைப் புதுப்பிப்பதை நான் பார்த்தேன். தோட்டத்துக்காரருக்கு வார்னிஷ் பளபளக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வருவதற்குள் தயாராக வேண்டும். வேலை செய்தவர் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த வயதான ஆசாரி. அவர் வார்னிஷைத் தொடவே இல்லை. தரைப் பலகையைப் பெயர்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, ஊசியால் விலாச்சட்டங்களைக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். நான்கு இடங்களில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிற்று. மழை நீர் உள்ளே வருகிறதென்று, முன்பு யாரோ குழல்களின் வாயில் மரக்கட்டை அடித்து, மக்குப் பூசி அடைத்திருந்தார்கள்.

"மழைக்குப் பயந்து மூச்சை அடைச்சுட்டாங்க ஐயா," என்றார் ஆசாரி. "கடல் படகு உப்புப் போட்ட ஊறுகா மாதிரி, தாக்குப் பிடிக்கும். இது பழைய சோத்துத் தண்ணி. மூடி வச்சா என்ன ஆகும்?"

"அப்படியானால் மழை பெய்தால், ஆசாரியாரே?" என்று தோட்டத்துக்காரர் கேட்டார்.

அதற்கும் வழி இருந்தது. 1930-ல் வெள்ளோட்டம் கண்ட 'டொராட்' என்ற அமெரிக்கப் பாய்ப்படகின் பெயரால் வழங்கும் காற்றுப் பெட்டிதான் அது. குழலின் வாய்க்கும் உள்ளே இறங்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பெட்டி. மழை நீர் பெட்டியில் விழுந்து ஓரத்துத் துளை வழியே வெளியே ஓடிவிடும். காற்று மட்டும், பெட்டிக்குள் உயர்ந்து நிற்கும் குழாயில் புகுந்து கீழே போகும். ஆசாரி தேக்குப் பலகையில் அப்படி இரண்டு பெட்டிகள் செய்தார். அழுகிய சட்டங்களை வெட்டியெடுத்துப் புதிது வைத்தார். வெளிவிடும் குழாயை அடிவரை இறக்கி, பொறி தெறிக்காத மின்விசிறி ஒன்றையும் அதில் பொருத்தினார். செலவுக் கணக்கைப் பார்த்துத் தோட்டத்துக்காரரின் முகம் சுண்டிற்று. அத்தனையும் பலகைக்கு அடியில் மறைந்திருக்கும் வேலை. வருகிறவர்கள் கண்ணில் படுவது ஒன்றுமில்லை. "இதெல்லாம் அவசியந்தானா?" என்றார்.

"பிள்ளைங்க ஏறப் போகுதே, ஐயா," என்று மட்டும் ஆசாரி சொன்னார். தோட்டத்துக்காரர் மறு பேச்சுப் பேசவில்லை.

ஓட்டம் பார்த்த அன்று, சாவியைத் திருகத் துடித்தவர்களை ஆசாரி கையமர்த்தினார். முதலில் விசிறியைச் சுழல விட்டார். நாலைந்து நிமிஷம் எல்லோரும் குளிரில் நின்றோம். பிறகு அவர் பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, நாய் மோப்பம் பிடிப்பது போல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பெட்ரோல் வாடை இல்லை. புளித்த வாடையும் இல்லை. "இப்ப எடுக்கலாம்," என்றார். படகு ஒரு செருமல் செருமிவிட்டுப் புறப்பட்டது.