வில்லும் காற்றும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், அரியமங்கலம் தாண்டித் திருவெறும்பூர் வருவதற்கு முன்னால், காட்டூர் என்று ஓர் ஊர். பெயரில்தான் காடு இருக்கிறது. ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பட்டறை, மறு பக்கம் பாய்லர் தொழிற்சாலை. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஊரில் பிள்ளைகள் பலப்பம் பிடிப்பதற்கு முன்பே ஸ்பானர் பிடித்துவிடுகிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில்தான் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு நல்ல வார்த்தை அகப்படுவது புதையல் அகப்பட்ட மாதிரி.

வார்த்தை, 'கமான்'. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில், அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, நீளமான எஃகுத் தகடுகளை வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கமான் பட்டை என்று பெயர். பாரசீகத்தில் கமான் என்றால் வில். அந்தச் சொல் உருது வழியாக வந்து, கரியும் கிரீஸும் பூசிக்கொண்டு, நம்முடைய பட்டறைகளில் குடியேறிவிட்டது. நம் பாட்டனார்கள் 'வில் வண்டி' என்றார்கள். பேரன்மார்கள் 'கமான் பட்டை' என்கிறார்கள். வில் ஒன்றுதான், மாடுதான் போய்விட்டது.

நான் அந்தப் பட்டறைக்குப் போக நேர்ந்தது ஒரு நண்பருடைய ஆசையினால். அவரிடம் 1960-களில் ஓடிய ஃபார்கோ பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டி. அந்தக் காலத்தில் நெல் மூட்டையும் சிமெண்ட் மூட்டையும் சுமந்த வண்டிக்கு, இப்போது மாதம் ஒரு தடவை காவேரிப் பாலம் வரை போய்வருகிற உத்தியோகம். அதிலுள்ள கமான் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பைகளை வைத்துவிட வேண்டும் என்பது நண்பரின் ஆசை. ஒரு பித்தானை அழுத்தினால் வண்டி தரையோடு தரையாக அமர வேண்டும். இன்னொன்றை அழுத்தினால் எழுந்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் இப்படிச் செய்கிறார்களாம்.

பட்டறை மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கமானை எடுக்கிறது அரை நாள் வேலை, ஸார். அது செஞ்சுக்கிட்டிருந்த வேலையை அப்புறம் யாரு செய்யிறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

மாட்டு வண்டியில் இரண்டு ஜாதி உண்டு. கட்டை வண்டிக்கு அச்சின் மேல் நேராகச் சட்டம். சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஏறி உட்கார்ந்திருக்கிறவரின் முதுகெலும்பில் தன் விலாசத்தை எழுதிவிட்டுப் போகும். வில் வண்டி அப்படியல்ல. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகு வில் இருக்கும். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்துவிட்டால் பிரசவத்துக்குப் போகிற பெண்ணைக்கூடப் பதனமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். காவேரிக் கரை மிராசுதார் வீட்டு வாசலில் நிற்கும் வில் வண்டி அந்த வீட்டின் நிலத்தையும் மதிப்பையும் ஊருக்குச் சொல்லும். நெல்லைச் சுமந்தது கட்டை வண்டி. நெல்லுக்குச் சொந்தக்காரரைச் சுமந்தது வில் வண்டி. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், ஒரு மனிதர் வில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததற்காகக் கலகமே நடந்திருக்கிறது. 1893-ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், வெங்கானூர் என்ற ஊரில் அய்யன்காளி என்று ஓர் இளைஞர் இருந்தார். முப்பது வயது. புலையர் குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்தாருக்குப் பொதுச் சாலையில் நடக்கவே உரிமை கிடையாது. அவர் என்ன செய்தார்? ஒரு வில் வண்டியைச் சொந்தமாக வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். மேல்சாதிக்காரர்கள் உடுத்துகிற மாதிரி உடுத்திக்கொண்டு, சாலையின் நடுவே ஓட்டிக்கொண்டு போனார். வழி மறித்தார்கள், அவர் திரும்பவில்லை. பாலராமபுரத்தில் அடிதடி நடந்தது. 1900-க்குள் அந்தப் பகுதியின் பெரும்பாலான சாலைகள் அவருடைய மக்களுக்குத் திறந்துவிட்டன.

நடந்தே போயிருக்கலாம். அதுவும் மீறல்தான். ஆனால் அவர் வில் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். பிறருக்குச் சாலை உண்டு, தமக்கு இல்லை என்பது ஒன்று. பிறருக்கு மெத்தென்ற சாலை, தமக்குக் கல்லும் முள்ளும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பிரயாணத்தில் தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. இரும்புத் தகடு நாலைந்தை வளைத்துக் கட்டிய சாதனம் மனிதர்களுடைய சரித்திரத்தில் இவ்வளவு தூரம் புகுந்திருப்பதை நினைத்தால் எனக்குக் கமான் பட்டையின் மேல் ஒரு மரியாதையே உண்டாகிறது.

மோட்டார் வந்தபோது வண்டிக்காரனுடைய வில்லைத்தான் அதுவும் எடுத்துக்கொண்டது. ஆனால் வில்லுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. அதன் விறைப்பு மாறாது. ஐந்து டன்னுக்கென்று செய்த பட்டை ஐந்து டன்னைச் சுமக்கும்போதுதான் பதமாக அசையும். வெறும் வண்டியாக ஓடினாலோ, துள்ளும். காலி லாரியின் பின்பக்கம் குதித்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டம் நெரியும்போது அடங்கிப் போகிற பஸ், எல்லாரும் இறங்கி நாம் ஒருவரே மிச்சமானதும் நம்மைத் தூக்கிக் கூரையில் அடிக்கும்.

காற்றுக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. பாரம் கூடினால் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைந்தால் திறந்துவிடலாம். ஒருவர் உட்கார்ந்தாலும் அறுபது பேர் உட்கார்ந்தாலும் வண்டி ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே நிதானத்தில் அசையும். காற்றைச் சக்கரத்துக்குள் அடைக்கலாம் என்று ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காப்புரிமை வாங்கினார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி அதைக் கண்டுபிடித்தார். நம் ஊர் மாட்டு வண்டிக்கும் பிற்பாடு ரப்பர் சக்கரம் வந்து 'டயர் வண்டி' ஆயிற்று.

சக்கரத்துக்குள் போன காற்று வில்லின் இடத்துக்கு வர நெடுநாளாயிற்று. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனியார் ரப்பர்ப் பைகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் அவற்றைத் தொலைதூர பஸ்களுக்கு வைத்தது. 1957-இல் காடிலாக் எல்டொராடோ ப்ரோம் என்ற ராஜாக்கார் நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பையோடு வெளிவந்தது. விலை பதின்மூவாயிரம் டாலருக்கு மேல். ஆனால் கதை சோகம்தான். இரவில் நிறுத்தி வைத்த கார், காற்றுக் கசிந்து, காலையில் தரையில் படுத்துக் கிடந்தது. கோடீஸ்வரர்கள் பலர் பைகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சுருள் வில்லை மாட்டிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு ஒத்துவந்த காற்று காருக்கு ஒத்துவரவில்லை. பஸ்ஸை ஒவ்வொரு நாளும் பட்டறையில் ஒருவன் கவனிக்கிறான். காடிலாக்கை அதன் சொந்தக்காரர் கண்ணாடி வழியாக மட்டும் பார்க்கிறார். இது என்னுடைய ஊகம்.

இப்போது மேஸ்திரியின் கேள்விக்கு வருவோம். கமான் பட்டை செய்வது ஒரு வேலையல்ல. பாரத்தைச் சுமக்கிறது, அதோடு, அச்சை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்கிறது, தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதால் துள்ளலையும் ஓரளவு அடக்குகிறது. காற்றுப் பை முதல் வேலையை மட்டுமே செய்யும். அச்சைப் பிடித்து நிறுத்த நாலு இரும்புக் கைகளைச் சட்டத்தோடு பூட்ட வேண்டும். துள்ளலை அடக்கத் தனியாக ஷாக் அப்சார்பர் வேண்டும். காற்றடைக்கச் சிறு கம்ப்ரஸர், சேர்த்து வைக்கத் தொட்டி, ஒவ்வொரு மூலைக்கும் வால்வு, டிரைவர் கண்ணில் படும்படி அழுத்தமானி. பை விரிந்தாலும் சுருங்கினாலும் எந்தக் கூர்மையிலும் உரசக்கூடாது. சைலன்ஸர் குழாயின் சூடு படக்கூடாது. வண்டி தாழும்போது பிரேக் குழாய் இழுபடாமல், தண்டு கோணிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் சைக்கிள் கடைப் பையன்கூடச் செய்வான். அதைச் செய்யாமல் விட்டதால்தான் காடிலாக்குகள் படுத்தன என்று மேஸ்திரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்டபடியல்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-இல் ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கென்று தனிப் பதிவு வந்தது. அந்த மரியாதை வேண்டுமானால் சட்டத்திலும் கூட்டிலும் கை வைத்திருக்கக்கூடாது. ஆக, ஃபார்கோ கிழவராகக் கௌரவம் பெறலாம், அல்லது வித்தை காட்டலாம். மேஸ்திரி ஒரு நடுவழி சொன்னார்: கமான் அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் உதவிக்குச் சிறு காற்றுப் பை இரண்டை வைக்கலாம், அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. நண்பருக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. துணைக்குப் பை வைத்தால் வண்டி பாரம் தாங்குமே ஒழிய, பித்தானை அழுத்தியதும் தரையில் அமருமா?

வண்டி தரையில் அமர வேண்டும் என்ற இந்த ஆசைக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. கலிபோர்னியாவில் குடியேறிய மெக்ஸிகோ வம்சத்து வாலிபர்கள், பழைய கார்களை வாங்கித் தாழ்த்தி, பளபளவென்று வர்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊர்வலம் போல மெல்ல ஓட்டிச் செல்வார்கள். மற்றவர்கள் வேகமாகப் போவதில் பெருமை கண்டார்கள். இவர்கள் மெதுவாகப் போவதில் கண்டார்கள். சக்கர விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று 1950-களின் கடைசியில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. யாரை உத்தேசித்துப் போட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். 1959-இல் ரான் அகீரே என்பவர் விமானத்திலிருந்து கழித்த எண்ணெய்ப் பம்புகளைத் தம் காரில் பொருத்தினார். போலீஸைக் கண்டால் கார் எழுந்து நிற்கும். போலீஸ் போனதும் அமர்ந்துகொள்ளும். எண்ணெய் செய்த அந்த வித்தையைப் பிற்காலத்தில் காற்றும் கற்றுக்கொண்டது. அந்த மாநிலத்தில் தாழ்ந்த கார்களுக்கு இருந்த தடைகளை நீக்கச் சட்டம் வந்தது 2023-இல். அய்யன்காளி வில் வண்டியில் உயர்ந்து உட்கார்ந்தார். இவர்கள் தாழ்ந்து உட்கார்ந்தார்கள். சாலையில் எப்படிப் போவது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்ற வீம்பு இரண்டிலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் காற்று வில் பணக்காரர் கார் வழியாகப் பரவவில்லை. பஸ் வழியாகத்தான் பரவிற்று. 2001-இல் வால்வோ கம்பெனியின் பஸ்கள் இந்தியாவில் ஓடத் தொடங்கியபோது, அவற்றில் ஏறி இரவெல்லாம் தூங்கி எழுந்தவர்கள், தங்களைத் தூங்க வைத்தது குளிர்சாதனம் என்றே நினைத்தார்கள். பாதிப் புண்ணியம் அடியிலிருந்த ரப்பர்ப் பைகளைச் சேர்ந்தது. 2023 செப்டம்பரிலிருந்து திருச்சி வழியாகத் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் ஓடுகிற வந்தே பாரத் ரயிலின் பெட்டிகளும் காற்று வில்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொன்மலைப் பட்டறையில், எத்தனையோ ஆயிரம் எஃகு வில்களைக் கொல்லுலையில் காய்ச்சி வளைத்த கைகள் இதைப் பார்த்தால் என்ன சொல்லுமோ!

ஆனால் எனக்குப் பிடித்த காற்று வில் இவை ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை விட்டது. அவை லேசில் வந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் செல்கிறவர்களும் ஏறும்படியான பஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடிய பிறகு வந்தவை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் முழங்கால் வலியோடு நிறுத்தத்தில் நின்றார். டிரைவர் ஒரு பித்தானை அழுத்தினார். யானை பெருமூச்சு விடுவது போல் 'புஸ்' என்று ஒரு சப்தம். பஸ்ஸின் இடது பக்கம் சில விரற்கடை அளவு தாழ்ந்து அவருக்காகக் குனிந்தது. பெரியவர் கம்பியைப் பிடிக்காமலே ஏறிவிட்டார். பின்னால் நின்ற பூக்காரியம்மாள் தன் கூடையை உள்ளே வைத்துவிட்டு, "நம்ம பஸ்ஸா இது?" என்று கேட்டாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அடுத்த நிறுத்தத்துல பாரும்மா, ஓரமா ஒதுங்கவே இடம் இருக்காது. குனிஞ்சு என்ன பிரயோஜனம்? ரெண்டு ஆட்டோவும் ஒரு இளநி வண்டியும் நிக்கும்" என்றார். அவர் சொன்னபடியே நின்றன. ஆட்டோ இரண்டல்ல, மூன்று.