ஒயின் தோட்டமும் கூலிக் கோப்பையும்

கேப்டவுனுக்குப் போகிற நண்பர் பட்டாளங்கள் சனி, ஞாயிறு கிடைத்தால் கிளம்புவது ஸ்டெல்லன்பாஷ், ஃபிரான்ஷூக் பக்கம்தான். சுற்றிலும் மலை, அடிவாரத்தில் திராட்சைத் தோட்டம், வெள்ளையடித்த டச்சு வீடுகள். ஒரு தோட்டத்தில் நாலைந்து வகை ஒயினை ருசி பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நகரலாம். போட்டோ எடுத்து மாளாது!

1652-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே வந்திறங்கிய யான் வான் ரீபீக், 1659 பிப்ரவரி 2-ம் தேதி முதன்முதலாக ஒயின் பிழிந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1688-ல் பிரான்சின் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் ஃபிரான்ஷூக்கில் குடியேறினார்கள் (பெயருக்கே 'பிரெஞ்சுக்காரர் மூலை' என்றுதான் அர்த்தம்). கேப்டவுனை ஒட்டிய கான்ஸ்டான்ஷியாவின் ஒயின், செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கே கப்பலில் போனது.

சரி, மண்ணைக் கொத்தியது யார்? அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியா, வங்காளம், ஏன், சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள். 1834-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் 'பயிற்சி' என்ற பெயரில் இன்னும் 4 வருடம் அதே எஜமானிடம் உழைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் 'டொப்' முறை விடவில்லை. கூலியில் ஒரு பகுதியைக் காசாகத் தராமல் மட்டமான ஒயினாக ஊற்றிக் கொடுப்பது, அதுவும் ஒரு நாளைக்குப் பல தடவை. விலை போகாத சரக்கும் தீரும், குடிக்கு அடிமையான ஆளும் தோட்டத்தை விட்டுப் போகமாட்டான். முதலாளிக்கு இரட்டை லாபம்! 1960-களில் சட்டம் தடுத்தும், சில தோட்டங்களில் 1990-கள் வரை நடந்தது. கர்ப்பத்தில் தாய் குடித்ததால் பாதிப்போடு பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் இந்தத் தோட்டப் பகுதியும் ஒன்று.