பாடசாலைக் கட்டடமும் ஊரவர் கையெழுத்தும்

சர்வசன வாக்கெடுப்பு என்றதும் இலங்கையில் என் தலைமுறையினருக்கு நினைவில் எழுவது 1982 டிசெம்பர் 22 ஆம் திகதியும், அன்றைய வாக்குச்சீட்டில் இருந்த விளக்கும் குடமுமே ஆகும். நாடாளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தலின்றி நீடிப்பதற்காக மேலிருந்து இறக்கப்பட்ட வாக்கெடுப்பு அது. கீழிருந்து மேலே செல்லும் வாக்கெடுப்பும் உலகில் உண்டு. 'இத்தனை கோடி செலவில் எழவிருக்கும் பாடசாலைக் கட்டடம் வேண்டுமா என்று எங்களையே கேளுங்கள்' என ஊரவர் கையெழுத்திட்டுக் கோருவது அது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இதற்கு நீண்டதொரு முன்கதை இருக்கின்றது.

1816 இல் இயற்றப்பட்ட அம்மாநிலத்தின் முதலாவது அரசியலமைப்பே, கிராமப் பாடசாலை முதல் பல்கலைக்கழகம் வரை எல்லோருக்கும் இலவசக் கல்வி என்று எழுதிவைத்தது. ஆனால், 'சூழ்நிலை இடந்தரும்போது' என்றொரு வாலும் அதற்கு இருந்தது. முப்பது ஆண்டுகளாகியும் சூழ்நிலை இடந்தரவில்லை. வயது வந்தோரில் ஏழு பேருக்கு ஒருவர் எழுத்தறிவற்றிருந்தனர். 1846 இல் வபாஷ் கல்லூரிப் பேராசிரியரான கேலப் மில்ஸ், தம் பெயரை மறைத்து 'மக்களில் ஒருவன்' என்ற ஒப்பத்துடன் சட்டசபைக்கு ஒரு நீண்ட முறையீட்டை எழுதினார். ஆண்டுதோறும் எழுதினார். முடிவெடுக்கத் தயங்கிய சட்டசபை, பந்தை மக்களிடமே உருட்டிவிட்டது. 1848 இல் நடந்த வாக்கெடுப்பில் இலவசப் பாடசாலைகளுக்கு ஆதரவாக 78,523 வாக்குகளும் எதிராக 61,887 வாக்குகளும் விழுந்தன. வாக்களித்தவர்கள் வெள்ளையின ஆண்கள் மட்டுமே. பிள்ளைகளின் தாய்மாரிடம் எவரும் கேட்கவில்லை.

அதன்பின் நடந்தது விசித்திரமானது. பாடசாலை நடத்த உள்ளூர் வரி அறவிடுவது மாநிலம் முழுவதற்கும் ஒரே சீரான முறை என்ற அரசியலமைப்பு விதிக்கு முரண் என்று, 1854 இலும் 1858 இலும் மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடம் எழுப்ப உள்ளூரார் வரி செலுத்தலாம். உள்ளே நின்று கற்பிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க அந்த வரியைத் தொடக்கூடாது! நகரங்கள் பலவற்றில் வகுப்பறைகள் பூட்டப்பட்டன. 1867 இல் புதிய சட்டம் வந்தது. 1885 இல்தான் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

இடையில், 1881 இல், உள்ளூராட்சி அமைப்புகளின் கடன் அவற்றின் சொத்து மதிப்பீட்டில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறிற்று. கடன் வாங்க முடியாவிட்டால் என்ன? கட்டடம் கட்டுவதற்கென்றே ஒரு தனி நிறுவனம் உருவாக்கப்படும். அது கடன் வாங்கிக் கட்டும். பாடசாலை நிர்வாகம் அதற்கு நெடுங்காலக் குத்தகைப் பணம் செலுத்தும். சட்டத்தின் கண்ணில் அது கடனன்று, வாடகை. கணக்கெழுதுவோரின் கெட்டித்தனத்துக்கு எந்த நாடும் விலக்கல்ல போலும். கூடைப்பந்தாட்ட மோகம் மிகுந்த அம்மாநிலத்தில் எழுந்த விளையாட்டு மண்டபங்கள் வேறு. நியூ காசில் என்ற சிறு நகரில் 1959 இல் திறக்கப்பட்ட உயர்பாடசாலை மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் அமரலாம்!

இத்தகைய திட்டங்களைத் தடுக்க 1990களின் நடுப்பகுதியில் ஒரு புதுமையான வழி பிறந்தது. மனுவும் ஆட்சேபமும் என்று அதைச் சொல்லலாம். திட்டத்தைச் சொத்துடைமையாளர் சிலர் எதிர்த்தால், ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் குறித்த நாட்களுக்குள் வீடுவீடாகச் சென்று கையெழுத்து வேட்டையாட வேண்டும். எவர் பக்கம் கூடுதல் கையெழுத்தோ அவருக்கே வெற்றி. வாக்குப்பெட்டியும் இல்லை, இரகசியமும் இல்லை. கடைக்காரர் தம் வாடிக்கையாளர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்; ஆசிரியை தம் மாணவரின் தந்தையிடம் படிவத்தை நீட்ட வேண்டும். ஒரே தெருவில் வாழ்பவர்களுக்கு இது எத்தகைய சங்கடம் என்பதைச் சிற்றூர்களில் வளர்ந்த எவரும் அறிவர். வாடகை வீட்டில் இருப்பவருக்கோ அந்தச் சங்கடம்கூடக் கிடைக்கவில்லை. சொத்துடையவர் கையெழுத்து மட்டுமே கணக்கில் சேர்ந்தது.

இம்முறையை வீழ்த்தியது சொத்துவரிக் கோபம். சொத்து மதிப்பீட்டு முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 1998 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, மதிப்பீடு சந்தை விலையை நோக்கி நகர்ந்தது. 2007 இல் வந்த வரிச்சிட்டைகளைக் கண்டு வீட்டுக்காரர் திகைத்தனர். அவ்வாண்டு யூலையில் ஆளுநர் மாளிகை முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. நவம்பரில் தலைநகர் இந்தியானாபொலிஸின் மேயர் பார்ட் பீற்றர்சன் தோல்வியுற்றார்.

2008 மார்ச்சில் ஆளுநர் மிட்ச் டானியல்ஸ் கையொப்பமிட்ட சட்டம், பெருஞ்செலவுத் திட்டங்களில் கையெழுத்துப் போட்டியை ஒழித்து வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது. ஆரம்பப் பாடசாலையாயின் ஒரு கோடி டொலருக்கும், உயர்பாடசாலையாயின் இரண்டு கோடி டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு, நூறு பேர் கையெழுத்திட்டுக் கோரினால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்று அது விதித்தது. அதே சட்டம் பாடசாலைகளின் பொது நடைமுறைச் செலவை மாநில அரசின் தலையில் வைத்துக் கட்டடச் செலவை உள்ளூர்ச் சொத்துவரியிலேயே விட்டுவிட்டது. 1850களில் நீதிமன்றம் கிழித்த அதே கோடு! ஆசிரியருக்கு ஒரு பணப்பை, செங்கல்லுக்கு வேறொரு பணப்பை. ஊரவர் தம் சினத்தைக் காட்டக்கூடிய இடமாக மிஞ்சியவற்றுள் முதன்மையானது செங்கல்லே.

வாக்கெடுப்பு வந்தால் நீதி வந்துவிட்டதென்றும் பொருளல்ல. கலிபோர்னியாவில் 1879 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி பாடசாலைக் கடன்பத்திரங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் கட்டடம் வேண்டுமென்றாலும், முப்பத்தைந்து பேரே வென்றனர். 2000 மார்ச்சில் அதைச் சாதாரணப் பெரும்பான்மையாக்கும் முயற்சி தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் 55 சதவீதம் போதும் என்று மக்கள் ஏற்றுக்கொண்டனர். ஒழுகும் கூரையின் கீழ் ஒரு தலைமுறை படித்து வெளியேறும் காலத்துக்கு இத்தகைய இழுபறிகள் நீள்வதுண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும் இந்தியானாவின் மாற்றத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தக் கோடி டொலர்க் கணக்கல்ல. கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்திடத் தகுதியுடையோர் பட்டியலில், 2008 ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துடைமையாளரின் அருகே 'பதிவுசெய்த வாக்காளர்' என்றும் சேர்த்தது. வாடகை வீட்டிலிருந்து பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாயும் அதன்பின் பேனாவைக் கையில் எடுக்கலாம் என்றாயிற்று.