காகித ஆட்டக்காரர்களுக்கு வயதான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, சாவகாசமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். அங்கே குளிரில் வெளியே நடக்க வழியில்லை. பேரன் கம்ப்யூட்டரில் விளையாடுவதைப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அவன் விளையாடுவது பேஸ்பால். ஆனால் மட்டையும் பந்தும் அதிகம் கண்ணில் படாது. எல்லாம் பட்டியல்கள், எண்கள். அவன் ஓர் அணியை நிர்வகிக்கிறான். ஆட்களை வாங்குவான், விற்பான், வருடங்களை ஓட்டுவான். இரவுச் சாப்பாட்டுக்குள் ஐந்து வருடம் ஓடிவிடும்.

ஒருநாள், "இவனை நீங்க பாத்துக்கோங்க தாத்தா" என்று 19 வயதுப் பந்துவீச்சாளன் ஒருவனை என் பொறுப்பில் விட்டான். பையன் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள். ஒன்று இன்றைய திறமை. மற்றொன்று அவன் எட்டக்கூடிய திறமை. மூன்றாம் நாள் மாலை பையனுக்கு 22 வயது ஆகியிருந்தது. இரண்டாவது எண் சரிந்துவிட்டது. "வித்துடுங்க தாத்தா, இவன் அவ்வளவுதான்" என்றான் பேரன்.

அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கணக்கு வாத்தியார் புத்தி, முதலில் அந்த இரண்டாவது எண் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

இந்த ஆட்டங்கள் கம்ப்யூட்டருக்கு முன்பே வந்தவை. 1941இல் ஈத்தன் ஆலன் என்ற முன்னாள் ஆட்டக்காரரின் பெயரில் ஆல்-ஸ்டார் பேஸ்பால் என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வட்ட அட்டை. அதைப் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஹோம் ரன் அதிகம் அடித்தவருக்கு (நம் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) அந்தப் பகுதி அகலமாக இருக்கும். முள்ளைச் சுழற்றி விட்டால் எங்கே நிற்கிறதோ அதுதான் விளைவு. பத்தாம் வகுப்பில் நான் நடத்திய வட்ட விளக்கப்படமும் நிகழ்தகவும் ஒரே அட்டையில்!

1951இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரிலிருந்து ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் பகடையும் அட்டையும் கொண்ட ஆட்டத்தைக் கொண்டுவந்தார். பெயர் ஆப்பா. நம் காதில் 'அப்பா' என்றே விழும். 1961இல் ஹால் ரிச்மன் தன் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை வெளியிட்டார். சிறு பையனாக இருந்தபோதே பகடையை உருட்டி அதற்கு அடித்தளம் போட்டவர் அவர். பின்னால் கல்லூரியில் கணிதம் படித்தார்.

இந்த ஆட்டங்களில் எண்கள் நியாயமாக இருந்தன. ஆனால் யாருக்கும் வயதாகவில்லை. வில்லி மேய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் அவருக்கு 23 வயது. 41 ஹோம் ரன். ஆயிரத்துக்கு 345 என்ற விகிதத்தில் அடித்து அந்த லீக்கின் பட்டத்தை வென்றார். 1973இல், 42 வயதில், ஆயிரத்துக்கு 211. ஹோம் ரன் ஆறுதான். ஓர் அட்டை ஒரு வருடத்தைக் காட்டும். அடுத்த வருடத்துக்கு வேறு அட்டை. நடுவில் அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பது அட்டைக்குத் தெரியாது. நடந்து முடிந்ததைத் திரும்ப ஆடுகிறவரை அது ஒரு குறையும் அல்ல.

இனி நடக்கப்போவதை ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டதும்தான் சிக்கல் வந்தது. அதை முதலில் ஒரு நாவலாசிரியர் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1968இல் ராபர்ட் கூவர் எழுதிய நாவலில் ஹென்றி வா என்ற கணக்கர் வீட்டில் தனியாகப் பகடை உருட்டி, தானே கற்பனை செய்த பேஸ்பால் லீக் ஒன்றை நடத்துகிறார். அவர் ஆட்டக்காரர்கள் புதிதாக வருகிறார்கள், கிழவர்களாகி ஓய்வு பெறுகிறார்கள். பகடை சொன்னால் சாகவும் செய்கிறார்கள். அவருக்கு மிகப் பிடித்த இளம் பந்துவீச்சாளனைப் பகடை கொன்றுவிடுகிறது. மனிதர் அதோடு உடைந்துபோகிறார். 22 வயதுப் பையனின் எண் சரிந்ததற்கே எனக்கு அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. அதனால் ஹென்றி வாவைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை.

சரி, மனிதனுக்கு எந்த வயதில் திறமை உச்சம்? கேன்சஸ் மாநிலத்தில் ஒரு டின் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்துகொண்டே பேஸ்பால் எண்களை அலசியவர் பில் ஜேம்ஸ். 1977இல் சொந்தச் செலவில் ஆண்டுத் தொகுப்பு போட ஆரம்பித்தார். 28 முதல் 32 வரைதான் உச்சம் என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். இல்லை, 27 என்று 1982 தொகுப்பில் அவர் எழுதினார். கிளப்புகள் 30 வயதுக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு வந்தவர்கள் ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் ஒப்பிட்டார்கள். 26இலிருந்து 27க்கு எவ்வளவு ஏறினார், 33இலிருந்து 34க்கு எவ்வளவு இறங்கினார் என்று எல்லோருக்கும் சராசரி எடுத்து, அவற்றைக் கோத்து ஒரு வளைகோடு வரைந்தார்கள். ஓட்டத்தின் வேகம் முதலில் போகிறது. நல்ல பந்து எது, விட்டுவிட வேண்டிய பந்து எது என்று பார்க்கும் கண் வெகுநாள் நிற்கிறது. பந்துவீச்சாளர்களின் கதை வேறு. தோள் ஒருநாள் போனால் எல்லாம் போயிற்று.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. என் மாணவர்களுக்கு இது உடனே புரியும். பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணையும் பிளஸ் டூ கணக்கு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, இரண்டு வருடத்தில் பிள்ளைகள் எவ்வளவு மாறினார்கள் என்று சராசரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவர்கள் மட்டும்தானே அதில் இருப்பார்கள்? பத்தோடு நின்றவர்கள் எங்கே? பேஸ்பாலிலும் அதுதான். ஒரு வருடம் சறுக்கினால் கிளப் வெளியே அனுப்பிவிடும். அடுத்த வருடம் அவர் மீண்டிருப்பாரா? அந்த அடுத்த வருடமே அவருக்கு இல்லை. எனவே கோட்டிலும் அவர் இல்லை. 2009இல் பிராட்பரி என்ற பொருளாதாரப் பேராசிரியர், நெடுங்காலம் ஆடியவர்களை வைத்துக் கணக்கிட்டு உச்சம் 29 என்றார். நெடுங்காலம் ஆடியவர் என்றாலே மெதுவாக வயதானவர்தானே என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அந்த எதிர்ப்புதான் சரியென்று படுகிறது.

பேரன் விளையாடும் ஆட்டத்தின் பெயர் அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால். மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது, 1999இல் முதல் பதிப்பு. அமெரிக்கர்களின் ஆட்டத்துக்கு வயதாகும் விதியை ஒரு ஜெர்மானியர் எழுதியிருக்கிறார்! அதன் அமைப்புகளில் வளர்ச்சி வேகத்துக்கு ஓர் எண், முதுமை வேகத்துக்கு ஓர் எண், திறமை எதிர்பாராமல் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதற்கு ஓர் எண். மூன்றையும் ஆடுகிறவரே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதைக் குறைத்தால் எல்லோரும் சொன்னபடி வளர்ந்து சொன்னபடி தேய்வார்கள். பேரன் ஒருமுறை அப்படி வைத்துப் பார்த்தானாம். "செம போர் தாத்தா, யாரு வருவான்னு முன்னாடியே தெரிஞ்சுடுது" என்றான்.

அந்த எண் ஏன் வேண்டும் என்பதற்கு உண்மை வரலாற்றிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மார்க் ஃபிட்ரிச் 1976இல் முதல் சீசனிலேயே 19 வெற்றி பெற்றார். நாடே கொண்டாடியது. மறுவருடம் முழங்காலில் அடி, பிறகு தோள். மொத்த வாழ்க்கையில் 29 வெற்றியோடு முடிந்தது. ஜேமி மோயர் நேர் எதிர். 1991 வரை 34 வெற்றி, 54 தோல்வி. 1992 முழுவதும் பெரிய லீக்கில் இடமே இல்லை. அந்த நவம்பரில் 30 வயது. எந்த வளைகோடும் அவருக்குக் கதவைச் சாத்தியிருக்கும். அவர் 2012 ஏப்ரலில், 49 வயதில், 268ஆவது வெற்றியைப் பெற்றார். 269இல் நின்றார். 235 வெற்றி 30 வயதுக்குப் பின் வந்தவை! ஹோசே பௌட்டிஸ்டா 2004இல் ஒரே சீசனில் நான்கு அணிகளுக்கு ஆடினார். 2010இல், 29 வயதில், 54 ஹோம் ரன் அடித்தார். அதற்குமுன் ஒரு சீசனில் அவர் அடித்த அதிகபட்சம் 16.

ஆட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். வருடம் முடிந்ததும் அணிகளிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியல் வரும். 23, 24, 25 வயதுப் பையன்கள். பேரன் ஒரே தட்டில் கடந்துவிடுவான். எனக்கு மட்டும் கண் அங்கேயே நின்றது.

1988 பேட்ச் மாணவர்கள் சில வருடங்களுக்கு முன் வைத்த சந்திப்புக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். சால்வை போட்டீர்கள். மைக்கைப் பிடித்து, என்னிடம் படித்தவர்கள் ஒருவரும் வீண்போகவில்லை என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினீர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்ன பேச்சு அது. வகுப்பில் நான் அப்படிக் கணக்குப் போட்டிருந்தால் நீங்களே திருத்தியிருப்பீர்கள்.

'பி' பிரிவில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்கு சைக்கிள் கடை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 11 மதிப்பெண். அப்பாவை வரச்சொல்லி, பையனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, "இவன் அவ்வளவுதாங்க, கடையிலேயே உட்கார வைங்க" என்றேன். அரையாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. அப்போது அவனுக்கு வயது 15. சந்திப்புக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

என் பந்துவீச்சாளனை நான் விற்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று அவனுக்கு 26 வயது. இன்னும் இரண்டாம் நிலை அணியில்தான் வீசிக்கொண்டிருக்கிறான். அவனை விற்க வேண்டாம் என்று பேரனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

1988 'பி' பிரிவு நண்பர்களே, நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். கமெண்டில் பெயர் போட வேண்டாம். அவர் சம்மதித்தால் நானே நேரில் போய்ப் பார்க்கிறேன்.