ஆண்குறி இழுவைக் கருவி

ஆண்குறியைத் தொடர்ந்து மெல்ல இழுத்து வைக்கும் சட்டகம். நீடித்த இழுவிசைக்குத் திசு பெருகி ஈடுகொடுக்கும் என்ற கருத்தில் அமைந்தது. சான்று உண்டு, ஆனால் மெலிந்தது. இத்தாலியில் 2009இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4 மணி நேரமாவது அணிந்து 6 மாதம் முடித்தவர்களுக்குத் தளர்நிலை நீளம் சராசரியாக 2.3 செ.மீ. கூடியது, சுற்றளவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. குறி வளையும் பெய்ரோனி நோயில்தான் இக்கருவிக்கு ஓரளவு வலுவான ஆதரவு இருக்கிறது.

இக்கருவியை வாங்க எண்ணுவோரில் பெரும்பாலோரின் அளவு இயல்பானதே. 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் விறைப்புநிலைச் சராசரி 13.12 செ.மீ. மட்டுமே. இதைச் சொல்லித் தேற்றுவதே பலருக்குப் போதுமான சிகிச்சை. லாட்ஜ் அறை வைத்தியருக்குப் பணம் கட்டுமுன், செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தார் 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உடலமைப்பை மாற்றுவதற்கான பொருள்களும் அச்சட்டத்தின் மருந்து வரையறைக்குள் அடங்கும்.