கணக்கேடும் கணினியும்

2005ஆம் ஆண்டில் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் கணினித்துறையும் கற்பிக்கப்படுகின்றது. இத்தகைய பல்கலைக்கழக வகுப்பொன்றில், வீட்டிலேயே கணினியோடு வளர்ந்தவரும் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அதனைப் பயிலத் தொடங்கியவரும் அருகருகே அமர்தல் கூடும். இவ்விரு சாராருக்கும் தரவுகளைக் கையாளும் செய்நிரலாக்கத்தை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது? ஊவாத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாவுக்கு ஒரு விடை தருகின்றது.

தோட்டம் ஏடுகளால் ஆளப்பட்ட இடம். செக்ரோல் என்னும் பேரேட்டில் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு வரியாயினர். வேலைநாள் ஒவ்வொன்றும் அவ்வேட்டில் பேராகப் பதியப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டிற் குறிக்கப்பட்டது. அக்கடன் தீராது வேறு தோட்டம் செல்லல் அரிதாயிருந்தது. 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் எழுதப்பட்டனரேயன்றி எழுதினாரல்லர்.

அரசின் ஏடுகளும் அவ்வாறே அமைந்தன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழரைத் தனிவகுப்பாகப் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்குப் பிறந்தோரிடமும் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரும், இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. சான்றின்மை பலருக்கு நாடற்ற நிலையாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர்த் தீர்க்கவென ஒதுக்கிற்று. எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இனி வகுப்பறையை நோக்குவோம். ஒரு தொழிலாளி பறித்த கொழுந்தின் நிறை நான்கு நாள்களில் 18, 20, 22, 20 கிலோ. ஐந்தாம் நாளின் கட்டம் வெறுமை எனக் கொள்வோம். வெறுமையைப் பூச்சியமாகக் கொண்டால் நாட்சராசரி 16 கிலோ. விலக்கினால் 20 கிலோ. இரண்டையும் கணினி ஒரே வேகத்தில் கணித்துத் தரும். எது சரி என்பதை அது கூறாது. அன்று அவர் நோயுற்றிருந்தாரா, வேறு வேலைக்கு விடப்பட்டாரா, எழுதுவோர் மறந்தனரா என்று கேட்டறிதல் வேண்டும். கட்டளைகளை விரைந்து கற்கும் மாணவர் இவ்வினாவைத் தாண்டிச் சென்றுவிடக்கூடும். தோட்டக் குடும்பத்து மாணவரோ அதனைத் தம் வீட்டார் வாய்மொழியாகவே அறிந்திருக்கக்கூடும்.

ஆகவே, முதற்பாடம் செக்ரோலின் மாதிரியொன்றிலிருந்து தொடங்குதல் தகும். தாய்மொழியிற் பொருளை விளக்கி, அதன்பின் ஆங்கிலக் கட்டளைகளைப் புகுத்தலாம். அப்பொழுது ஒருவர் மற்றவருக்கு ஆசிரியராவர். கணினி முன்னறிவு மட்டுமே முன்னறிவு என்னும் எண்ணம் நீங்கும். பிறர் எழுதிய ஏடுகளில் வரிகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள், அவ்வேடுகளை வாசிக்கவும் வினவவும் வல்லவராதலே இக்கல்வியின் பயனாதல் வேண்டும்.